தாது ஆண்டுப் பஞ்சமும் அண்மைக் காலநிலை ஆராய்ச்சியும்

தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுவார் பலரும் ஒரு பஞ்சத்தைக் கடந்தே செல்ல வேண்டியவராகின்றனர். இறையனார் களவியலுக்கு எழுந்த உரை, பாண்டிநாட்டைப் பன்னீராண்டு வற்கடம் வருத்தியதென்றும், அரசன் புலவரைப் பிற நாடுகளுக்குப் போக்கினான் என்றும், மழை பெய்து நாடு தளிர்த்த பின்னர் அவரைத் தேடி அழைத்தபோது பொருளிலக்கணம் வல்லார் ஒருவரும் கிடைத்திலர் என்றும் கூறும். மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாற்றிலும் பாண்டிநாட்டின் பன்னீராண்டு வறட்சி பேசப்படுகின்றது. இவ்விரண்டிடத்தும் வரும் பன்னிரண்டு என்னும் தொகை மழையை அளந்து கண்ட தொகையன்று. வியாழன் இராசி மண்டிலத்தை ஒருமுறை சுற்றிவரும் காலத்தையொட்டி அமைந்த மரபுத் தொகையாதல் கூடும். எனினும், மழை பொய்த்தல் ஒன்று, அதனால் ஒரு நாட்டின் கல்வியும் குடியும் சிதறுதல் மற்றொன்று என்னும் வேறுபாட்டை உரையாசிரியர் உணர்ந்திருந்தார் என்பது அவர் கதையை அமைத்த முறையாலேயே விளங்கும். வற்கடம் வானத்தால் வந்தது. புலவரை நாட்டைவிட்டு அனுப்பியவன் அரசன். இவ்வேறுபாடே இக் கட்டுரையின் பொருள். அதனை ஆராய்தற்கு ஏற்ற களமாக, நமக்கு அண்மைக் காலத்ததும், சான்றுகள் மிக்கதும் ஆகிய தாது ஆண்டுப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். கடந்த இருபது ஆண்டுகளில் காலநிலை ஆராய்ச்சியாளர் இப் பஞ்சத்தின்மீது செலுத்தியுள்ள ஒளி, வரலாற்று மாணவரும் இலக்கிய மாணவரும் அறிந்திருக்க வேண்டுவதாகும்.

தாது ஆண்டு 1876 ஏப்பிரலில் தொடங்கி 1877 ஏப்பிரலில் முடிந்தது. அதனை அடுத்தது ஈசுர ஆண்டு. பஞ்சத்தின் கொடுமை ஈசுர ஆண்டில்தான் உச்சத்தை அடைந்தது எனினும், மழை பொய்த்த ஆண்டின் பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. 1876-இல் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. அவ்வாண்டு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத்து, பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி ஆகியன ஒருங்கே துன்புற்றன. 1877-இன் தென்மேற்குப் பருவமழையும் தவறவே துயர் இரட்டித்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மழை பெய்தது; ஆயின் மழையோடு காய்ச்சலும் வந்து, மெலிந்த உடம்பினரை மேலும் வாரிச் சென்றது. 1880-இல் அறிக்கை வெளியிட்ட பஞ்ச ஆணைக்குழு, ஆங்கிலேயர் நேராக ஆண்ட பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 52½ இலட்சம் மக்கள் மிகையாக இறந்தனர் எனக் கணக்கிட்டது. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் இத் தொகையினும் மிகுதியாகவே மதிப்பிடுவர். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19,66,995. பத்தாண்டு கழித்து 1881-இல் 15,99,595. பெருக வேண்டிய ஒரு மாவட்டம் ஐந்தில் ஒரு பங்கை இழந்து நின்றது. இறந்தோரேயன்றி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தோரும் இக் குறைவில் அடங்குவர். சிவகங்கைப் பகுதியில் தோன்றிய வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம் இப் பஞ்சத்தை எள்ளலும் அவலமும் விரவப் பாடிய நூலாகும். இலக்கிய வரலாறுகளில் அதற்கு ஓரிரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

மழை ஏன் பொய்த்தது? இவ்வினாவுக்கு அக்காலத்தார் தேடிய விடை நம் கவனத்திற்குரியது. நம்மவரிடையே அறுபதாண்டு வட்டத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் பலன் கூறும் வழக்கு இருந்தது. இடைக்காடர் பெயரால் வழங்கும் வெண்பாக்களைப் பஞ்சாங்கங்கள் இன்றும் அச்சிடுகின்றன. (தாது ஆண்டு 1936–37-இலும் 1996–97-இலும் மீண்டு வந்தது, பஞ்சம் அதனோடு வரவில்லை.) ஆங்கில ஆட்சியின் அறிஞரும் ஒரு வட்டத்தையே தேடினர். சென்னையில் 1813-ஆம் ஆண்டு முதல் மழையை அளந்து எழுதிய பதிவேடுகள் இருந்தன. அரசாங்கப் புள்ளிவிவரத் துறைத் தலைவராயிருந்த வில்லியம் ஹண்டர், அப் பதிவுகளைச் சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் பெருக்கச் சுருக்கத்தோடு ஒப்பிட்டு, பதினோராண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் குறையும்போது தென்னிந்தியாவில் மழையும் குறைகின்றது என 1877-இல் எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் வானியலறிஞர் நார்மன் லாக்கியரும் அவரும் சேர்ந்து இக் கருத்தை இலண்டன் இதழொன்றில் வெளியிட்டனர். பதினோராண்டு வட்டம் அறிவியலாளர் மொழியில் கூறப்பட்டதேயன்றி, பன்னீராண்டு வற்கடத்தினின்றும் அது நெடுந்தொலைவு விலகியதன்று. அதன் அரசியற் பயன் வேறு. பஞ்சத்தின் காரணம் சூரியனிடத்து உள்ளதாயின், அதற்கு விடை கூற வேண்டிய கடப்பாடு கல்கத்தாவில் இருப்பார்க்கு இல்லையன்றோ?

அக் கொள்கை நிலைக்கவில்லை. ஆயினும் அதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. சூரியனை நாள்தோறும் நோக்கினால் பருவமழையை முன்னறியலாம் என்னும் நம்பிக்கை வலுப்பெற்று, 1899-இல் கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. மழையைப் பற்றி அது கூறியது சிறிது. சூரியனைப் பற்றி அது கூறியது பெரிது. 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்து கண்ட உண்மை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. பஞ்சத்தின் காரணத்தைத் தேடிச் சென்றவர் பிறிதொன்றைக் கண்டு திரும்பிய வரலாறு இது.

இந்திய வானிலைத் துறை 1875-இல், அஃதாவது பஞ்சத்திற்கு ஓராண்டு முன்னரே தோன்றியது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்ட், இமயத்தில் பனி மிகுந்தால் சமவெளியில் மழை குறையும் எனக் கண்டு, 1886-இல் பருவமழைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டார். 1899-ஆம் ஆண்டு மழை பொய்த்ததை அத் துறை முன்னறிய இயலாமற் போயிற்று. அத் தோல்விக்குப் பின், கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகக் கணித வல்லுநர் கில்பர்ட் வாக்கர் 1904-இல் தலைமை ஏற்றார். அவர் வானிலையைக் கல்லாதவர், கணக்கைக் கற்றவர். உலகின் பல இடங்களிலிருந்து காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டி, எவ்விடத்து மாற்றம் எவ்விடத்து மாற்றத்தோடு உடன்செல்கின்றது என இந்திய எழுத்தர் பலரைக் கொண்டு கணக்கிடச் செய்தார். பசிபிக் மாகடலின் கீழைப் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் தாழ்வதும், அங்குத் தாழும்போது இங்கு உயர்வதும் புலனாயின. துலாக்கோலின் இரு தட்டுகள்போல் ஏறி இறங்கும் இந் நிலைமையை அவர் 1924-ஆம் ஆண்டளவில் தென் அலைவு எனப் பெயரிட்டார். அதன் காரணம் அவர்க்குப் புலப்படவில்லை. 1958-இல் அவர் மறைந்தார். பதினோராண்டு கழித்து, 1969-இல் ஜேக்கப் பியர்க்னஸ் என்னும் நார்வே நாட்டு அறிஞர், பெரு நாட்டு மீனவர் நெடுங்காலமாக எல் நினோ என அழைத்து வந்த கடல்வெப்பப் பெருக்கமும் வாக்கரின் தென் அலைவும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என நிறுவினார். கடல் காற்றை ஆட்டுகின்றது. காற்று கடலை ஆட்டுகின்றது. 1999-இல் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகட்டா என்னும் நால்வர் இந்தியப் பெருங்கடலுக்கும் அத்தகைய தனி ஆட்டம் உண்டெனக் காட்டி, அதனை இருமுனை நிலை என்றனர். இவ்வாறு, சூரியனிடத்துத் தேடப்பட்ட காரணம் கடலிடத்துக் காணப்பட்டது.

இனி அண்மை ஆராய்ச்சிகளைக் காண்போம். கருவிகள் இல்லாத காலத்து மழையை அறிதற்கு உதவுவன மரங்களின் ஆண்டு வளையங்கள். மழை மிக்க ஆண்டில் வளையம் அகலும். வறண்ட ஆண்டில் குறுகும். எட்வர்ட் குக் தலைமையிலான குழுவினர் ஆசியாவில் முந்நூறுக்கு மேற்பட்ட இடங்களின் மரவளையங்களைக் கொண்டு, 1300 முதல் 2005 வரையிலான பருவமழை ஆசியாவின் வறட்சி வரைபடத் தொகுதியை 2010-இல் வெளியிட்டனர். அதில் நான்கு பெருவறட்சிகள் தனித்துத் தோன்றின: சீனத்து மிங் மரபின் வீழ்ச்சியோடு ஒட்டிய 1638–41, தென்கிழக்காசிய அரசுகள் குலைந்த 1756–68, இந்தியாவைத் தாக்கிய 1790–96, நம் தாது ஆண்டை உள்ளடக்கிய 1876–78. அதே 2010-இல் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவன அறிஞர், கேரள மலைகளின் தேக்கு மரங்களிலிருந்து 523 ஆண்டுப் பதிவொன்றைப் பெற்று, எல் நினோவோடு கூடிய வறண்ட ஆண்டுகள் அவ் வளையங்களிற் பதிந்திருத்தலைக் காட்டினர். ஓலைச்சுவடி செல்லரிக்கும் நம் நாட்டில் தேக்குமரம் ஐந்நூறாண்டுக் கணக்கைப் பிழையின்றி எழுதி வைத்திருத்தல் நோக்கத்தக்கது. களவியல் உரை கூறும் வற்கடத்தின் காலம்வரை இவ் வளையங்கள் செல்லா. அங்கு இன்னும் இலக்கியமே நமக்குத் துணை.

இரண்டாவது வழி பழைய ஏடுகளைப் படித்தல். கப்பல் மாலுமிகள் நாள்தோறும் எழுதிய குறிப்பேடுகளும், துறைமுகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் எழுதப்பட்ட காற்றழுத்தப் பதிவுகளும் உலகெங்கும் பல நிலவறைகளிற் கிடந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் 1789 முதல் 1834 வரையிலான குறிப்பேடுகள் உட்பட அவற்றுட் பல படியெடுக்கப்பட்டு, கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. இவ்வாறு திரட்டிய அளவுகளைக் கொண்டு, 1836 வரை பின்னோக்கிச் சென்று ஒவ்வொரு நாளின் உலக வானிலையையும் மீட்டமைக்கும் பணி 2019-இல் வெளிவந்தது. பாடபேதங்களை ஒப்பிட்டு மூலபாடத்தைக் காணும் நம் பதிப்பாசிரியர் தொழிலுக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை சிறிதன்று. ஒரு சுவடி சிதைந்த இடத்தைப் பிற சுவடிகளால் நிரப்புவதுபோல, ஓரிடத்துப் பதிவு இல்லாத நாளைப் பிற இடத்துப் பதிவுகளாலும் இயற்பியல் விதிகளாலும் நிரப்புகின்றனர். நிரப்பியது எந்த அளவிற்கு உறுதி என்பதனையும் உடன் குறிக்கின்றனர். இவ்வொன்றில் அவர் நம்மிற் பலரைவிட நேர்மையாளர்.

இச் சான்றுகளையெல்லாம் ஒன்றுகூட்டித் தாது ஆண்டுப் பஞ்சத்தை ஆராய்ந்தவர் தீப்தி சிங்கும் அவர்தம் குழுவினரும் ஆவர். அவ்வாய்வு 2018-இல் வெளிவந்தது. வறட்சி இந்தியாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. சீனம், பிரேசிலின் வடகிழக்குப் பகுதி, ஆப்பிரிக்காவின் வடக்கும் தெற்கும் ஆகிய நாடுகள் அதே ஆண்டுகளில் வறண்டன. இறந்தோர் தொகை உலகெங்கும் 5 கோடி வரை இருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. ஆசியாவில் அவ் வறட்சி பல நூற்றாண்டுகளில் காணப்படாத கடுமையது. காரணம் ஒன்றன்று, பல காரணங்கள் அடுத்தடுத்து வந்து பொருந்தின. 1870 முதல் 1876 வரை பசிபிக் மாகடலின் வெப்பப் பகுதி குளிர்ந்திருந்தது. 1877–78-இல் அது தலைகீழாக மாறி, பதிவுகளில் மிகக் கடுமையானவற்றுள் வைத்து எண்ணத்தக்க எல் நினோ எழுந்தது. 1877-இல் இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிலையும் மிக வலுத்திருந்தது. 1878-இல் வடஅட்லாண்டிக் கடல் வழக்கத்தினும் வெப்பமுற்றிருந்தது.

இவ்விடத்தே ஒரு கருத்தை விரித்துரைத்தல் வேண்டும். தாது ஆண்டுப் பஞ்சம் எல் நினோவால் வந்தது என்று கூறுதல் இன்று பெருவழக்காயிற்று. நம் நாட்டு நூல்களிலும் அவ்வாறே எழுதப்படுகின்றது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இக் கூற்று முழுதும் பொருந்துவதன்று. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் குறைப்பது; ஆயின் ஐப்பசி, கார்த்திகைகளில் நம் கடற்கரையிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை அது பெரும்பாலும் மிகுவிக்கின்றது. பசிபிக் குளிர்ந்த ஆண்டுகளிலேயே அம் மழை குறைதல் பெரும்பான்மை. எனவே 1876-இன் கார்த்திகை வறட்சியைக் குளிர்ந்த கடலோடும், 1877-இன் ஆடி, ஆவணி வறட்சியை எல் நினோவோடும் சேர்த்து எண்ணுதல் முறை. 1877-இன் இறுதியில் தமிழகத்தில் மழை பெய்தமையும் இவ்வகையிற் பொருந்தி வருகின்றது. எதிரெதிரான இரு கடல்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒவ்வொன்றும் நமக்குரிய வெவ்வேறு மழையைப் பறித்தன. இவ் வரிசையே தாது ஆண்டின் தனிக்கொடுமை. அதனை ஒரே பெயரில் அடக்குவார், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சூரியப் புள்ளியில் அடக்கினாரைப் போன்றவரே.

வறட்சியின் காரணம் இவ்வாறு தெளிவுற்றது. பஞ்சத்தின் காரணமும் அதனால் தெளிவுற்றதா? கடலே காரணமாயின் ஆட்சியாளர் பழியினின்றும் நீங்குவர் என்று சிலர் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. வானத்தின் பங்கு எவ்வளவு என்பது அளந்து காட்டப்பட்ட பின்னரே, மனிதர் பங்கு எவ்வளவு என்பதும் அளத்தற்கு உரியதாகின்றது.

ஒரே மனிதர் செய்த இரு செயல்களை ஒப்பிடுவோம். 1873–74-இல் பீகாரில் மழை பொய்த்தபோது நிவாரணப் பணியை நடத்தியவர் சர் ரிச்சர்டு டெம்பிள். பருமாவிலிருந்து ஏறத்தாழ 4½ இலட்சம் டன் அரிசியை அரசு வரவழைத்தது. ஊர்தோறும் உணவு வழங்கப்பட்டது. பட்டினியால் இறந்தோர் மிகச் சிலரே. இதற்காக அவர் பெற்ற பரிசு, அரசுப் பணத்தை வீணடித்தார் என்னும் கண்டனம். 1877 சனவரியில் அதே டெம்பிளை வைசிராய் லிட்டன் பிரபு சென்னைக்குப் பஞ்சப் பார்வையாளராக அனுப்பினார். இம்முறை அவர் சிக்கனத்தை மேற்கொண்டார். நிவாரண வேலையில் மண் சுமந்தும் கல் உடைத்தும் உழைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இக் கூலி உயிரைத் தாங்காது என்றும், ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனோடு பருப்பும் வேண்டும் என்றும் மருத்துவச் சான்று காட்டி வாதித்தார். சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு சில திங்கள் கழித்துக் கூலியை உயர்த்தியது. அதற்குள் கழிந்த திங்கள்கள் மீளா. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது லிட்டனின் கொள்கை; நாடு பசித்திருந்த அவ்வாண்டுகளிலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறியது. சென்னையிற் பத்திரிகை ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி 1878-இல் வெளியிட்ட இரு தொகுதிகள் இச் செய்திகளுக்கு இன்றும் முதன்மைச் சான்றாகும். அக்காலத்து நிவாரண வேலையின் எச்சமொன்று இன்றும் சென்னை நகரின் நடுவே பக்கிங்காம் கால்வாய் என்னும் பெயரோடு ஓடுகின்றது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877–78-இல் பசித்த மக்களின் கையால் வெட்டப்பட்டதாகும்.

பஞ்ச ஆணைக்குழுவே தன் அறிக்கையில் ஒன்றை ஒப்புக்கொண்டது. வறட்சியால் முதலிற் கெடுவது உழவுக் கூலிகளின் வேலை. வேலை போனமையால் கூலி போகின்றது. கூலி இன்மையால், சந்தையில் தானியம் இருப்பினும் வாங்க இயலாமல் மக்கள் மடிகின்றனர். ஒரு நூற்றாண்டு கழித்து, 1981-இல் அமர்த்தியா சென் இவ்வுண்மையை விரிவான கொள்கையாக நிறுவினார். விமல் மிஸ்ராவும் பிறரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 1870 முதல் 2016 வரையிலான மண் ஈரத்தை மீட்டமைத்து, பெரும் பஞ்சங்களோடு ஒப்பிட்டது. 1943-இன் வங்கப் பஞ்சம் ஒன்று மட்டும் மண்ணின் வறட்சியால் வந்ததன்று என்பது அதன் முடிபு. 1873–74-இல் வறட்சி இருந்தும் சாவு மிகாமைக்குப் பருமா அரிசி காரணம் என்பதனையும் அவ்வாய்வு சுட்டுகின்றது. வறட்சி இருந்தும் சாவு இன்மை, வறட்சி இன்றியும் சாவு மிகுதி: இவ்விரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஆட்சியின்கீழ் நிகழ்ந்தன.

தமிழ்நாட்டிற்கு இதனினும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. 2016 முதல் 2018 வரை வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து குறைந்தது. 2021-இல் வெளிவந்த ஆய்வொன்றில் மேற்குறித்த மிஸ்ராவும் அவர் குழுவினரும், தென்னிந்தியாவில் இம் மும்மூன்றாண்டுக் குறைவு 150 ஆண்டுகளில் மிகப் பெரிது என்றும், தாது ஆண்டுப் பஞ்சத்திற்கு வழிகோலிய 1874–76-இன் குறைவையும் அது விஞ்சியது என்றும் காட்டினர். அவ்வறட்சியும் குளிர்ந்த பசிபிக்கோடு இணைந்ததே. 2017 சனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தது. காவிரிப் படுகையில் பயிர் கருகியது, கிணறுகள் வற்றின, உழவர் கடனில் மூழ்கினர், 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலார்ப்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் வந்தது. துன்பம் சிறிதன்று. எனினும், வானம் தாது ஆண்டினும் கொடிதாய் இருந்த அக்காலத்தில் சேலம் மாவட்டம் தன் மக்களில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கவில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி இருந்தது; சாலை இருந்தது; கேள்வி கேட்கும் சட்டமன்றமும் செய்தித்தாளும் இருந்தன. தாது ஆண்டில் வானம் மட்டும் குற்றவாளியாயின் இவ்வேறுபாட்டிற்கு விளக்கம் இல்லை.

இங்ஙனம் கூறுதலால் வருங்காலத்தைப் பற்றி அச்சமின்றி இருக்கலாம் எனக் கருதுதல் தவறு. 1876–78-இன் வறட்சி, கடலும் காற்றும் தம் இயல்பிலேயே ஆடிய ஆட்டத்தால் வந்தது. மனிதர் எரித்த நிலக்கரியின் பங்கு அப்போது மிகச் சிறிது. இன்று நிலை வேறு. சார்லஸ் கீலிங் 1958-இல் அவாய்த் தீவின் மலையுச்சியில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-க்கு மேல். உலகின் சராசரி வெப்பம் 1850–1900-இன் நிலையினும் 2011–20-இல் 1.1 பாகை உயர்ந்துள்ளது என்றும், அதற்கு மனிதரே காரணம் என்பதில் ஐயமில்லை என்றும் பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு 2021-இல் உரைத்தது. 2024-ஆம் ஆண்டின் வெப்பம் 1.5 பாகையையும் கடந்தது. இவ் வெப்பத்தால், இருபதாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் எல் நினோ பத்தாண்டுக்கு ஒருமுறையும், பதினேழாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் இருமுனை நிலை ஆறாண்டுக்கு ஒருமுறையும் வரக்கூடும் என 2014-இல் வெளிவந்த இரு ஆய்வுகள் கணித்தன. தாது ஆண்டின் கடல்வரிசை மீண்டும் அமையுமாயின், அது முன்னினும் வெப்பமுற்ற உலகில் அமையும். பல கண்டங்களின் விளைநிலங்கள் ஒருங்கே பொய்த்தல் இனியும் நிகழக்கூடியதே எனத் தீப்தி சிங் குழுவினர் எச்சரிக்கின்றனர். பீகாருக்கு அரிசி தந்த பருமாவும் உடன் வறண்டால் என் செய்வது என்பதே அவ் வெச்சரிக்கையின் பொருள்.

மறுபுறம், எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் ஏற்றுதலும் இன்று எளிதாயிற்று. 2015 திசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்து சென்னை மூழ்கியபோது, இது புவி வெப்பத்தின் விளைவே என்று பலர் உடனே கூறினர். கெயர்ட் யான் வான் ஓல்டன்போர்கும் பிறரும் அந் நிகழ்ச்சியை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிபோ, அம் மழையில் மனிதர் விளைத்த வெப்பத்தின் பங்கைக் காண இயலவில்லை என்பதாகும். அவ்வாண்டு கடும் எல் நினோ ஆண்டு என்பது நினைவிற்குரியது. ஏரிகளின்மேல் வீடுகள் எழுந்தமையும், பள்ளிக்கரணைச் சதுப்பு சுருங்கியமையும், வெள்ளம் வடியும் வழிகள் அடைபட்டமையும் எந்தக் கடலின் ஆட்டத்தாலும் நேர்ந்தன அல்ல. ஹண்டரின் சூரியப் புள்ளி அன்று ஆட்சியாளர்க்குச் செய்த உதவியைக் காலநிலை என்னும் சொல் இன்று பொறுப்பாளர்க்குச் செய்யுமாயின், அறிவியலின் குற்றமன்று அது. அதனைப் படியாமலே மேற்கோள் காட்டுவாரின் குற்றம்.

தமிழாராய்ச்சியாளர்க்கு இதில் உரிய பங்கு யாது? கடற்பதிவும் மரவளையமும் ஆண்டைச் சொல்லும். சிலபோது திங்களையும் சொல்லும். எந்த ஊரில் எக் குடியினர் முதலில் வீழ்ந்தனர், எவர் மாட்டை விற்றனர், எவர் நிலத்தை வாங்கினர், விலை எப்போது ஏறியது என்பனவற்றை அவை சொல்லா. அவற்றைச் சொல்வன பஞ்சக் கும்மிகள், சிந்துகள், சிற்றிலக்கியங்கள், கோயில் வரவுசெலவுக் கணக்குகள், ஊர்க் கணக்கரின் சுவடிகள், நிலவிற்பனை ஓலைகள், அக்காலத்துத் தமிழ்ச் செய்தித்தாள்கள். சோழர் காலக் கல்வெட்டுகளிலும், பற்றாக்குறைக் காலத்தில் ஊர்ச்சபையார் கோயிற் பண்டாரத்தில் பொன் கடன் பெற்ற செய்திகள் உள்ளன. இவற்றைத் தொகுத்து நாள்வரையறை செய்யும் பணி பெரும்பாலும் இன்னும் கிடப்பிலுள்ளது. பஞ்சப் பாடல்களை நாட்டுப்புற இலக்கியம் என ஒதுக்கி, யாப்பும் அணியும் மட்டும் ஆராய்ந்து பட்டம் பெறும் வழக்கம் நம் துறைகளில் உண்டு. அவை காலநிலை வரலாற்றின் மூலச்சான்றுகளும் ஆம்.

அத்தகைய சான்றைப் பயன்படுத்தும் முறைக்கு ஒன்றைக் காட்டலாம். தாது ஆண்டுப் பாடல் ஒன்றில் ஐப்பசி மழை பொய்த்தது என வருமாயின், அது 1876 அக்டோபர், நவம்பர்த் திங்கள்களைக் குறிப்பது. சென்னை மழைப் பதிவோடும் மீட்டமைத்த காற்றழுத்தப் படங்களோடும் அதனை நேரே ஒப்பிடலாம். ஈசுர ஆண்டு ஆடி, ஆவணி என வருமாயின் அது 1877-இன் தென்மேற்குப் பருவத்தது, எல் நினோவின் காலத்தது. ஈசுர ஆண்டு ஐப்பசிக்குப் பின் மழையையும் காய்ச்சலையும் ஒருங்கே கூறும் பாடல் பஞ்சத்தின் மூன்றாம் கட்டத்தைப் பாடியது. இம் மூன்று கட்டங்களையும் பாடியவர் ஒரே புலவர்தாமா, அன்றி ஒவ்வொரு கட்டத்தின் பாடல்களும் வெவ்வேறு மாவட்டத்தினவா என்பதனை முதலில் வரையறுக்க வேண்டும். சேலத்திலும் கோயம்புத்தூரிலும் வாய்மொழியாக வழங்குவனவற்றைச் சிவகங்கை நூலோடு ஒப்பிட்டு நோக்குதல் அதற்கு முதற்படியாகும்.